புது முகமா, புதுப் பூட்டா? சிங்கவரத்தில் எதைச் சந்தேகிப்பது?

செஞ்சியில் இருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் சிங்கவரம். குன்றைக் குடைந்து செய்த கோவில். பல்லவர் காலத்து வேலை. உள்ளே ரங்கநாதர் படுத்திருக்கிறார். பாறையிலேயே செதுக்கிய பெருமாள். சுமார் 24 அடி நீளம் என்பார்கள்.

இந்தப் பெருமாளைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு.

1714-ல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாப்புடன் சண்டைக்குப் புறப்பட்டான். புறப்படும் முன் இங்கே வந்து உத்தரவு கேட்டான். பெருமாள் முகத்தைத் திருப்பிக் கொண்டார். "போகாதேடா" என்று அதற்கு அர்த்தம். ராஜா கேட்கவில்லை. போனான். களத்தில் செத்தான்.

கதை கதையாகவே இருக்கட்டும். எச்சரிக்கை கண்ணெதிரே வந்து நின்றும் காரியம் கெட்டுப் போவது ராஜாவோடு முடிந்த சங்கதி அல்ல. இன்றைக்கும் கிராமத்துக்குக் கிராமம் நடக்கிறது.

"சந்தேகப்படும்படி யாராவது நடமாடினால் உடனே போலீசுக்குத் தகவல் சொல்லுங்கள்!"

திருவிழா என்றால் மைக்கில் இதைச் சொல்கிறார்கள். ஸ்டேஷன் சுவரில் எழுதி வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எது சந்தேகம்? அதை யாரும் விளக்கிச் சொல்வது இல்லை. ஆகவே ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு கணக்கு வைத்துக் கொள்கிறார்கள். கிழிந்த லுங்கி. புரியாத பாஷை. தோளில் சாக்கு மூட்டை. இது போதும், ஆள் திருடன்!

இந்தக் கணக்கு செஞ்சி வட்டாரத்துக்குக் கொஞ்சமும் ஒத்து வராது.

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க எந்தெந்த ஊர்க்காரரோ வருகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்தது. வெளியூர் முகம் இனிமேல் கூடுமே தவிர குறையாது. சிங்கவரம் போகும் வழியில் திருநாதர் குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கி இருக்கிறார்கள். 57 நாள் பட்டினி கிடந்து உயிர் விட்ட சந்திரநந்தி என்ற முனிவரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கேதான். அதைப் பார்க்க வடக்கே இருந்து சமணர்கள் வருவார்கள். கல்லூரிப் பையன்கள் கேமராவோடு வருவார்கள். அறுவடை நேரத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ராத்திரி முழுக்க நெல் வண்டி வரும்.

புது முகத்தை எல்லாம் பிடித்து நிறுத்துவது என்றால் செஞ்சி பஸ் ஸ்டாண்டையே பிடித்து நிறுத்த வேண்டியதுதான்!

பூட்டிய கோவில்

அப்படியானால் எதையும் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாமா? அதற்கும் பதில் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் கிடைத்த பதில்.

அந்த ஊர் பிரகதீஸ்வரர் கோவில் சோழர் காலத்தது. பூசை நின்று போய் கோவில் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஐம்பொன் சாமிகள். 2006-ல் சிலை திருடர்கள் நுழைந்தார்கள். நடராஜர் உட்பட 8 சிலைகள் போயின.

போனது எப்போது தெரிந்தது தெரியுமா? 2008-ல்! சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போக அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதுவரை, பூட்டு தொங்குகிறது, சாமி உள்ளே இருக்கிறார் என்று ஊர் நினைத்துக் கொண்டிருந்தது.

சாமி உள்ளே இல்லை. கடல் தாண்டிப் போய்விட்டார். அந்த நடராஜரை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் இருந்து, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பக்கத்தில் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோவிலிலும் 2008-ல் இதே கும்பல் கைவரிசை காட்டியது.

ஐம்பொன் சிலை என்பது சட்டைப் பையில் போடுகிற சாமான் அல்ல. நடராஜரைத் தூக்க நாலு ஆள் வேண்டும். வண்டி வேண்டும். பூட்டை உடைத்தால் சத்தம் வரும். உடைத்த பூட்டை மாற்றினால் புதுப் பூட்டு பளபள என்று தொங்கும். துருப்பிடித்த கதவில் புதுப் பூட்டு! இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? கோவில் பக்கமே யாரும் போகாவிட்டால் அதைப் பார்ப்பது யார்?

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பல வருஷங்களுக்கு முன் எடுத்த கோவில் சிலைப் படங்கள் இருந்தன. அவற்றோடு ஒத்துப் பார்த்ததில் குட்டு உடைந்தது. சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதானார். 2012-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து நடராஜரை ஒப்படைத்தார். 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட்டு கபூருக்கு 10 வருஷம் ஜெயில் தண்டனை கொடுத்தது.

திருட்டில் இருந்து தீர்ப்பு வரை பல வருஷம். பிரதமர், கோர்ட்டு, ஆகாய விமானம் என்று இத்தனை ஆர்ப்பாட்டம். 2006-ல் யாராவது ஒருவர் கோவில் கதவை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டிருந்தால், சிலை ஜெயங்கொண்டத்தைத் தாண்டுவதற்கு முன்பே பிடிபட்டிருக்கலாம்.

மிட்டாய் கொடுத்த பாட்டி

ஸ்ரீபுரந்தானில் யாரும் பார்க்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் எல்லோரும் பார்த்தார்கள்.

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்து கொண்டிருந்த நேரம். சென்னையில் இருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வம் கோவிலுக்குக் கிளம்பியது. நடுவில் வழி கேட்க நிறுத்தினார்கள். காரில் இருந்த 65 வயது அம்மா, அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கு சாக்லெட் கொடுத்தார்.

அவ்வளவுதான்.

"பிள்ளை பிடிக்கிறவங்க வந்துட்டாங்க!" என்று சத்தம் கிளம்பியது. போன் பறந்தது, போலீசுக்கு அல்ல, அடுத்த ஊர்க்காரர்களுக்கு. கூட்டம் மறித்து அடித்தது. அந்த அம்மா இறந்தார். கூட வந்தவர்கள் குற்றுயிராகக் கிடந்தார்கள். பிறகு போலீசார் வந்தார்கள். ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அடித்தவன் வீட்டிலும் அழுகை.

அதே மே மாதம் பழவேற்காட்டில் இதே வதந்தியால் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்க விட்டார்கள். எல்லோரும் தங்களை ஊர்க்காவலர்கள் என்று நினைத்துக் கொண்டவர்கள்தான். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் கிளம்பினார்கள். அதுதான் கொடுமை.

பாட்டி செய்த காரியத்தில் சந்தேகத்துக்கு என்ன இருந்தது? பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, வழி கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குலதெய்வம் கும்பிடப் போகிற எந்தப் பாட்டியும் செய்கிற காரியம். காரியத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்கள். முகத்திலும் வாட்ஸ்அப் படத்தைத்தான் பார்த்தார்கள்.

"எந்த ஊருங்க? யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாக இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். திருடனாக இருந்தால் அந்த இரண்டு கேள்வியிலேயே நழுவி விடுவான். ஊருக்குப் புதியவராக இருந்தால் வழியைத் தெரிந்துகொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார்.

இப்போது சட்டமும் கடுமையாகி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கென்று தனிப் பிரிவு. சாதி, மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்துக்காக 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைக் கொன்றால், கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள் தண்டனை. "நான் ஒரே ஒரு அடிதான் அடிச்சேன்" என்பது எடுபடாது.

வரப்பில் டார்ச் லைட்

செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் இன்னொரு பழைய வியாதியும் உண்டு. வீட்டில் நகை காணோமா? மோட்டார் காணோமா? முதல் சந்தேகம் இருளர் குடிசை மேல். போலீஸ் ஜீப் முதலில் போவதும் அங்கேதான் என்பது அவர்களின் வெகுநாள் குமுறல்.

இருளர்கள் வயலில் எலி பிடிப்பவர்கள். ராத்திரி வரப்பில் டார்ச் லைட் அசைந்தால் அது எலி வேட்டையாக இருக்கலாம். செங்கல் சூளையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். எலியைப் பிடித்து விவசாயியின் நெல்லைக் காப்பாற்றுகிற ஆளையே நெல் திருடன் என்று பிடித்துக் கொடுத்த ஊர், எலியைத்தான் காப்பாற்றுகிறது!

இந்தப் புத்தி வெள்ளைக்காரன் விட்டுப் போனது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தான். 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஆளைத் திருடன் என்று ரிஜிஸ்தரில் எழுதிக் கைரேகை வாங்கினான். 1947-ல் இந்த மாகாணத்தில் அந்தச் சட்டத்தை ஒழித்தார்கள். ரிஜிஸ்தர் போயிற்று. மனசில் இருப்பது?

1993-ல் கடலூர் மாவட்டம் முதனையில் குறவர் ஒருவரைத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டு போனார்கள். போலீஸ் காவலில் செத்தார். பின்னாளில் ஐகோர்ட்டு நீதிபதியான சந்துரு அப்போது வக்கீலாக இருந்து வழக்கை நடத்தினார். 2021-ல் 'ஜெய் பீம்' என்ற படமாக வந்து எல்லோரையும் அழ வைத்தது அந்தச் சம்பவம்தான். படத்தைப் பார்த்து அழுதவர்கள் மறுநாள் தங்கள் ஊரில் மோட்டார் காணோம் என்றதும் யார் பெயரைச் சொன்னார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு முகம்

தெரிந்த முகம் என்றால் நல்ல முகம் என்பதும் ஏமாளித்தனம். கோவில் திருட்டுகளில் உள்ளாள் இல்லாமல் வெளியாள் வருவது அபூர்வம். எந்தச் சிலை எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், பூசாரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார் என்பதை யாரோ உள்ளூர்க்காரன்தான் சொல்லிக் கொடுக்கிறான். சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983-லேயே தொடங்கியது. அந்தப் பிரிவில் வேலை பார்த்த ஒரு டி.எஸ்.பி.யே சிலை வழக்கில் கைதானார் என்றால் முகத்தை வைத்து என்ன தெரியும்?

ஆகவே காரியத்தைப் பார்க்க வேண்டும்.

கோவிலுக்கு வந்தவர் சாமி கும்பிடாமல் பூட்டையும் கூரையையும் எடை போடுகிறாரா? சிலை எத்தனை கிலோ, ராத்திரி யார் படுக்கிறார்கள், சாவி எங்கே என்று டீக்கடையில் விசாரிக்கிறாரா? ஒரே வண்டி மூன்று நாளாக ராத்திரி வேளையில் மலையடிவாரத்தில் நின்று போகிறதா? நம்பர் பிளேட்டில் மட்டும் சேறு அப்பி இருக்கிறதா? ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிகிறதா? தெரு விளக்கு பல்பை யாரோ கழற்றிக்கொண்டே இருக்கிறார்களா? இவை எல்லாம் காரியங்கள். இதைச் செய்கிறவன் வேட்டி கட்டியிருந்தாலும் சரி, கோட்டு போட்டிருந்தாலும் சரி.

ஒரு தடவை பார்த்தது தற்செயலாக இருக்கலாம். படம் எடுப்பவர் ஆராய்ச்சி மாணவராகவும் இருக்கலாம். ஒரே காரியம் மறுபடி மறுபடி நடந்தால், அல்லது இரண்டு மூன்று அடையாளம் ஒன்றாகச் சேர்ந்தால் சொல்லிவிட வேண்டும்.

சிங்கவரத்து ரங்கநாதரை யாரும் தூக்க முடியாது. மலையோடு மலையாக இருக்கிறார். ஆனால் பெரும்பாலான கோவில்களில் மூலவர் கல், உற்சவர் ஐம்பொன். கதவு, மணி, விளக்கு, உண்டியல், கலசம் எல்லாம் தூக்கக் கூடியவை.

கலசம் என்றதும் இரிடியம் ஞாபகம் வருகிறது. "கோபுரக் கலசத்தில் இடி விழுந்தா இரிடியம் ஆயிடும். அரிசியை இழுக்கும். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குவான்" என்று சொல்லிக்கொண்டு ஒரு கும்பல் வெகுநாளாகத் தமிழ்நாடு முழுக்கச் சுற்றுகிறது. இடி விழுந்தால் செம்பு செம்பாகத்தான் இருக்கும். அரிசி இழுப்பது இரும்புத் தூளும் காந்தமும் வைத்துச் செய்கிற வித்தை. இந்தக் கும்பல் பேச வரும்போது ஊரில் நாலு பேருக்காவது தெரிந்து விடுகிறது. ஏன் போலீசுக்குச் சொல்வதில்லை? நமக்கும் ஒரு பங்கு வராதா என்ற நப்பாசை!

கோட்டை ஊர் என்றால் புதையல் பேச்சு கேட்கவே வேண்டாம். ராத்திரியில் குழி தோண்டுகிறவனைப் பார்த்தவன் வாயை மூடிக் கொள்கிறான். 1976-ல் அன்றைய தஞ்சை மாவட்டம் பத்தூரில் மண் தோண்டியபோது நடராஜர் கிடைத்தார். சர்க்காருக்குச் சொல்லாமல் கைமாற்றினார்கள். அவர் லண்டன் வரை போனார். அங்கே கோர்ட்டில் வழக்காடி 1991-ல் திரும்பி வந்தார். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 1878-ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது.

ஜீப் எங்கே நிற்கிறது?

இத்தனையும் பொதுமக்களுக்குச் சொன்னது. போலீசாருக்கும் சொல்ல இருக்கிறது.

"ஸ்டேஷனுக்குப் போனா நாமதான் மாட்டுவோம்." எந்த டீக்கடையிலும் கேட்கிற பேச்சு இது. வெறும் பயம் என்று தள்ள முடியாது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோவிலில் என்ன நடந்தது? சாமி கும்பிட வந்தவரின் நகை காணோம் என்று புகார். கோவில் காவலாளி மேல் சந்தேகம். விசாரிக்கக் கொண்டு போன இளைஞர் அடிபட்டுச் செத்தார். போலீசார் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஓர் உயிர் போகும் என்றால், மனசாட்சி உள்ளவன் வாயைத் திறப்பானா?

கொலை, கொள்ளை, ராத்திரியில் வீடு புகுவது போன்ற குற்றம் நடக்கப் போவது தெரிந்தாலே பொதுமக்கள் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டம். அப்படிச் சொன்னது யார் என்று வெளியிடும்படி போலீஸ்காரரைக் கோர்ட்டே கட்டாயப்படுத்த முடியாது என்றும் சட்டம் இருக்கிறது. ஏட்டில் எல்லாம் சரி. ஊரில் நடப்பது வேறு. போன் போட்டவர் வீட்டு வாசலிலேயே ஜீப்பைக் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். "போன் பண்ணது நீங்கதானே?" என்று தெருவே கேட்கும்படி விசாரிக்கிறார்கள். மறுநாள் அவர் வைக்கோல் போர் எரிந்தால் யார் பொறுப்பு?

ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தலாம். போனிலேயே கேட்டுக் கொள்ளலாம். தகவல் பொய்யாகப் போனாலும் "ஏன்யா தூக்கத்தைக் கெடுத்தே?" என்று எரிந்து விழாமல் இருக்கலாம். இன்றைக்கு எரிந்து விழுந்தால் அந்த ஆள் இனி ஜென்மத்துக்கும் போன் போட மாட்டார்.

தகவல் சொல்பவரும் சுருக்கமாகச் சொன்னால் போதும். 100 அல்லது 112. என்ன பார்த்தார், எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்ன வண்டி, என்ன நம்பர், எந்தப் பக்கம் போனது. முடிந்தது. "இன்ன சாதிக்காரன் மாதிரி இருந்தான்", "வடநாட்டான் மாதிரி இருந்தான்" என்பது தகவல் அல்ல. அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு எந்த இன்ஸ்பெக்டரும் ஒரு வண்டியைக்கூட மறிக்க முடியாது. நம்பர் இருந்தால் அடுத்த செக்போஸ்ட்டிலேயே மறிக்கலாம்.

பின்தொடர்ந்து ஓடுவது, மடக்கிப் பிடிப்பது எல்லாம் சினிமாவில் நன்றாக இருக்கும். கண்ணெதிரே பெரிய குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தாமதம் இல்லாமல், அதிகம் போனால் 6 மணி நேரத்துக்குள், போலீசில் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டி வைத்து உதைக்கச் சொல்லவில்லை.

சிங்கவரமோ வேறு குன்றுக் கோவிலோ, படி ஏறும் இடத்தில் ஸ்டேஷன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க எத்தனை பணம் ஆகும்? கோவில் சிலைகளைப் படம் எடுத்து, அளவு குறித்து, ஒரு பிரதி ஊரிலும் ஒரு பிரதி அறநிலையத் துறையிலும் வைப்பதற்குத்தான் என்ன செலவு? ஒரு பழைய போட்டோ இருந்ததால்தானே ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பி வந்தார். வந்தும் என்ன, டெல்லியில் இருந்து அவரைக் கும்பகோணம் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டு போனார்கள்.